மலைக்கு 20 லீற்றர் முதுகுப்பை: இலேசானதா, சட்டம் வைத்ததா?

கொழும்பிலிருந்து போய் ஒரே நாளில் ஏறி இறங்குகிற மலைக்கு 20 லீற்றர் பை தாராளம். கடையில் இரண்டு விதம் இருக்கும். ஒன்று மெல்லிய நைலோனில் தைத்த இலேசுப் பை. உள்ளே பையை விறைப்பாக நிறுத்தும் சட்டமும் (frame) இல்லை, ஸ்பொஞ்சும் இல்லை, பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். மற்றது முதுகில் வலை, உள்ளே சட்டம், இடுப்புப் பட்டி எல்லாம் வைத்தது. காலியாகவே ஒரு கிலோ வரை வரும். நான் இலேசானதைத்தான் வாங்கினேன், இன்னொருமுறை வாங்கினாலும் அதுதான்.

சுமக்கிற சுகத்தில் சட்டம் வைத்தது மேல். முதுகில் காற்றுப் படும், பாரம் இடுப்புக்கு இறங்கும். இலேசுப் பையில் ஐந்து கிலோவைத் தாண்டினால் தோள் கெஞ்சும். ஆனால் சிவனொளிபாதமலைக்கு என்னதான் கொண்டுபோகிறோம்? தண்ணீர், 2,243 மீற்றர் உச்சியின் விடிகாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டோர்ச், கொஞ்சம் சாப்பாடு. ஸ்வெட்டரை மடித்து முதுகுப் பக்கம் வைத்தால் போத்தலும் குத்தாது.

என் முடிவுக்குக் காரணம், வீடு திரும்பிய பிறகு பையைக் காயவைக்கிற பாடு. கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் தொடர்மாடி வீட்டில், வியர்வை குடித்த ஸ்பொஞ்ச் இலேசில் காயாது. அரை ஈரத்தோடு அலுமாரிக்குள் போனால் பூஞ்சணம்தான். இலேசுப் பையை உட்புறம் வெளியே திருப்பி அலசி, இரவு மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

அப்புறம் நீர் புகாமலிருக்கத் துணியில் பூசும் பூச்சு. பொலியூரிதேன் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும், செதிலாக உரியும், ஒரு புளித்த வாடையும் வரும். பாவிக்காமல் மடித்து வைத்தாலும் இது நடக்கும். இரண்டு வகைப் பைக்கும் இந்த ஆபத்து உண்டு. சிலிக்கோன் பூச்சு அப்படிச் சிதையாது. ஆனால் தையலை மூடும் டேப் அதில் ஒட்டாது என்பதால் தையல் வழியே மழை கசியும். உள்ளே தையல்மேல் டேப் ஒட்டியிருந்தால் அது பொலியூரிதேன் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் சிலிக்கோனையே எடுப்பேன். உடுப்பை உள்ளே தனியாக ஒரு நீர்புகாத் துணிப்பையில் போட்டால் சரி. பொலித்தீன் பை வேண்டாம், ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா வாசலில் அதை எடுத்துவிடுவார்கள்.

இலேசுப் பை கிழிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. டெனியர் என்பது 9,000 மீற்றர் நூலின் எடை, கிராமில். 30 டெனியர் துணி கல்லில் உரசினால் தாங்காது. 70க்குக் குறையாமல் பாருங்கள். நக்கிள்ஸ் காட்டில் இரவு தங்கும் நடைக்கு இதை நான் கொண்டுபோனதில்லை, அதனால் அங்கே இது போதும் என்று சொல்லமாட்டேன். பெரிய கமெராவும் லென்ஸும் தூக்குகிறவர்கள் சட்டம் வைத்ததையே வாங்கலாம், முதுகு ஸ்பொஞ்சைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிட்டு.