பகலில் வேலை, இரவில் கேம்: மூன்று 27 அங்குல மானிட்டர்களில் எது?

வேலைக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) அல்ல, எழுத்து. நாள் முழுக்கக் கண் ஓடுவது அதில்தான். 27 அங்குலத் திரையில் 1080பி (1920×1080 பிக்சல்) வாங்கினால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே உறுத்தும். சிறிய எழுத்தில் 'கி'யின் கொக்கிக்கும் 'கீ'யின் சுழிக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றிரண்டு பிக்சல்தான். அது மங்கிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதே அளவில் 1440பி (2560×1440) என்றால் 109 பிக்சல். 4கே இன்னும் கூர்மைதான், 163. ஆனால் கேமில் கிராஃபிக்ஸ் கார்டு 1440பியைவிட 2.25 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். நடுத்தர கார்டு வைத்திருப்பவர்களுக்கு 1440பிதான் சரி. கையில் இருக்கும் பணத்துக்கு 1080பிதான் வரும் என்றால் 24 அங்குலத்தோடு நின்றுவிடுங்கள்.

27 அங்குல 1440பி வகையில் அடிக்கடி ஒப்பிடப்படும் மூன்று: சாம்சங் ஒடிசி ஜி5 (வளைந்த 144 ஹெர்ட்ஸ் மாடல்), எல்ஜி 27ஜிபி850, கிகாபைட் எம்27கியூ.

ஒடிசி ஜி5இல் இருப்பது விஏ என்ற எல்சிடி வகைப் பேனல். விளக்கை அணைத்துவிட்டு விளையாடினால் கறுப்பு கறுப்பாகவே தெரியும். மற்ற இரண்டிலும் உள்ள ஐபிஎஸ் என்ற வகைப் பேனலின் சாம்பல் பூச்சு இருக்காது. சிக்கல் வேறு இடத்தில். விஏ பேனலின் திரவப் படிகங்கள் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறும்போது மட்டும் மிக மெதுவாகத் திரும்பும். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு இருப்பது 6.9 மில்லிசெகண்ட், அதற்குள் இந்த மாற்றம் முடியாததால் இருட்டான காட்சியில் நகரும் உருவத்துக்குப் பின்னால் கரிய வால் இழுபடும். பெட்டியில் '1 எம்எஸ்' (பிக்சல் நிறம் மாற ஒரு மில்லிசெகண்ட்) என்று அச்சிட்டிருப்பதை வைத்து இதைக் கணிக்க முடியாது. டார்க் மோடில் வேலை செய்பவர்களுக்குக் கேமுக்கு வெளியிலும் இது தொல்லை: பக்கத்தை வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எழுத்துகள் கலங்கிப் பிறகு தெளியும். 1000ஆர் வளைவு (ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு) கேமில் நன்றாக இருக்கும், எக்செல் கட்டங்களின் நேர்கோடுகளோ வளைந்து தெரியும். ஸ்டாண்டை முன்னும் பின்னும் சாய்க்கலாம், உயரத்தை மாற்ற முடியாது. கழுத்து வலிக்காமல் இருக்கத் திரையைத் தாங்கும் ஆர்ம் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டி வரும்; அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எல்ஜி 27ஜிபி850 நானோ ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் செய்தால் (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டினால்) 180. மூன்றில் வேகக் கேமுக்கு இதுதான் சிறந்தது. மெனுவில் ரெஸ்பான்ஸ் டைமை 'ஃபாஸ்ட்'டில் வையுங்கள். 'ஃபாஸ்டர்' வைத்தால் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் முறை) அளவு மீறி, நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் விழும். வண்ணப் பரப்பு அகலமானது என்பதால் சாதாரண இணையப் பக்கங்களில் முகங்கள் சிவந்து தெரியும். வேலை நேரத்தில் இணையத்தின் வழக்கமான வண்ணப் பரப்பான எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிவிடலாம். குறை, கான்ட்ராஸ்ட். இருட்டு அறையில் கறுப்பு வெளுத்தே தெரியும். டிஸ்ப்ளே எச்டிஆர் 400 முத்திரையை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தத் தரத்துக்குப் பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை.

ஆபீஸ் லேப்டாப்பும் சொந்தக் கணினியும் ஒரே மேஜையில் இருந்தால் எம்27கியூதான். 170 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ், உள்ளேயே கேவிஎம் (ஒரே கீபோர்டு, மவுஸ், திரையை இரண்டு கணினிகளுக்கு மாற்றித் தரும் சுவிட்ச்). கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரில் செருகி, லேப்டாப்பை யூஎஸ்பி-சியிலும் கணினியை டிஸ்ப்ளே போர்ட்டிலும் இணைத்தால் ஒரே பட்டனில் இரண்டுக்கும் மாறலாம். கணினியிலிருந்து மானிட்டருக்கு யூஎஸ்பி-பி கேபிளும் போக வேண்டும். 'படம் மாறுகிறது, கீபோர்டு மாறவில்லை' என்றால் முதலில் அந்தக் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி-சி லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும் அளவுக்கு மின்சாரம் தராது, சார்ஜர் தனியாக வேண்டும். முதலில் வந்த எம்27கியூவில் துணைப்பிக்சல்கள் (ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் நிறத் துண்டுகள்) சிவப்பு-பச்சை-நீலம் என்ற வழக்கமான வரிசையில் இல்லாமல் தலைகீழாக இருக்கின்றன. அதனால் விண்டோஸில் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். விண்டோஸிலேயே எழுத்தைச் சீராக்க இருக்கும் கிளியர்டைப் ட்யூனரை ஓட்டி, காட்டும் மாதிரிகளில் தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் எல்லாச் செயலிகளும் அந்த அமைப்பை மதிப்பதில்லை. நாள் முழுக்க எழுத்து வேலை, ஒரே கணினி என்றால் எல்ஜியை எடுங்கள்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையும் பலரது ஆசையில் இருக்கிறது. கேமுக்கு அதற்கு ஈடே இல்லை. ஆனால் டாஸ்க்பார் தினமும் பல மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் வேலைத் திரையில் பர்ன்-இன் (அசையாத படத்தின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிவது) ஆபத்து உண்மையானது. எழுத்தோர நிறக்கசிவும் உண்டு. வேலைக்கே அதிக நேரம் போகிறவர்களுக்கு அதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

வாங்கி வந்ததும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இணையுங்கள். எல்ஜியிலும் கிகாபைட்டிலும் இருப்பது எச்டிஎம்ஐ 2.0, 1440பியில் அது 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். விண்டோஸ் பல நேரம் 60இலேயே கிடக்கும்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் நீங்களே மாற்ற வேண்டும். அடுத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பில் மூலையில் வெளிச்சம் தெரிந்தால் தலையை நகர்த்திப் பாருங்கள். கூடவே அதுவும் மாறினால் ஐபிஎஸ் பேனலின் இயல்பான பளபளப்பு, மாற்றித் தந்தாலும் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அசையாமல் அதே இடத்தில் நின்றால் பேக்லைட் (திரைக்குப் பின்னாலுள்ள விளக்கு) கசிவு. அதற்கு வேறு பீஸ் கேளுங்கள்.