அன்கி செயலியோடு இரண்டு வருடம்: கடின ஆங்கிலச் சொற்கள் எவ்வளவு கைக்கு வந்தன?

கணக்காய்வு வேலை என்பதால் நாள் முழுக்க ஆங்கில அறிக்கைதான். சொல் படிக்க எனக்குக் கிடைக்கிற நேரம், வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிற நேரம் மட்டும். சீட் கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்கி, கேள்வி ஒரு பக்கமும் விடை மறுபக்கமுமாக அட்டைகளைக் காட்டும் செயலி. விடை ஞாபகம் வந்தால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும், அப்புறம் வாரம், மாதம் என்று தள்ளிப்போகும். மறந்துவிட்டால் உடனே திரும்ப வரும். கணினியிலும் அண்ட்ரொய்டிலும் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. பார்க்க அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆயிரக்கணக்கான சொற்களோடு தயாராகக் கிடைக்கிற அட்டைக் கட்டுகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம், அவ்வளவுதான் இருக்கும். ‘எக்ஸசர்பேட்’ என்றால் மோசமாக்குவது என்று மட்டும் படித்தவர், உப்புக் கூடிப்போன குழம்புக்கும் அதைப் போடுவார். அந்தச் சொல்லோ ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிற விஷயத்தோடுதான் சேரும்: பிரச்சினை, தட்டுப்பாடு, பதற்றம், வலி. அதனால் என் அட்டையில் ‘த டிரௌட் ____ த வோட்டர் ஷோர்ட்டேஜ்’ என்று முழு வாக்கியமும் இருக்கும். கோடிட்ட இடத்தை நான் நிரப்ப வேண்டும். பாதிப்பைக் குறைப்பது என்ற ‘மிட்டிகேட்’டுக்கும் அப்படித்தான், ‘ரிஸ்க்’, ‘இம்பேக்ட்’, ‘டமேஜ்’ மூன்றுக்கும் தனித்தனி அட்டை. செய்ய நேரம் பிடிக்கும், ஆனால் அறிக்கை எழுதும்போது சொல் தனியாக வராமல் துணையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

வாக்கியங்களை ஒக்ஸ்ஃபோர்ட், லோங்மன் இரண்டின் மாணவர் அகராதிகளிலிருந்து எடுக்கிறேன். இரண்டும் இணையத்தில் இலவசம். லோங்மன் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதுவதால், விளக்கத்துக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை.

எந்தச் சொல்லைப் படிப்பது? பல்கலைக்கழகப் பிள்ளைகள் மொழியியலாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் தொடங்கலாம், 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற சொற்களும்) உண்டு. எனக்கு ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கங்களும், டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குகிறவையும் போதும். ஒரே சொல் இரண்டாம் தடவை கண்ணில் பட்டால்தான் அட்டை. சில வகுப்புகளில் கொடுக்கிற வாயில் நுழையாத சொல் பட்டியல்கள் அடுத்தவரை மிரட்டத்தான் உதவும்.

குறை இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் அட்டைகள் மலையாகக் குவிந்திருக்கும், திறக்கவே மனம் வராது. 2023 இறுதியில் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற, அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கிற முறையை அமைப்புகளில் போட்டுவிட்ட பிறகு எனக்கு மீள்பார்வை குறைந்தது. அடுத்தது பேச்சு. எழுத்தில் சரளமாக வருகிற சொல் கூட்டத்தில் எழுந்து கதைக்கும்போது வராது, அதற்கு இந்தச் செயலி ஒன்றும் செய்யாது. இப்போது அட்டையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், பஸ்ஸில் அல்ல, வீட்டில்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்றுதான் செயலி தானாக வைத்திருக்கும். அதை ஐந்தாகக் குறையுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தில் நான் பூச்சியமாக்கிவிட்டு பழையதை மட்டும் பார்ப்பேன்.