கோனா, லுங்கியா? மஞ்சளா, பானைத் தண்ணியா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு நாட்டு நாய் பொம்மிக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில். தையல் அழகாகத்தான் இருந்தது. அடிவயிற்றின் நடுவே மூன்று விரல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. ஈரமில்லை, வீக்கமில்லை. தொல்லை கொடுத்தது அதைச் சுற்றியிருந்த தோல். மெஷின் வைத்து முடியை மழித்த இடம் மறுநாள் காலை, வேர்க்குரு வந்த குழந்தையின் முதுகு மாதிரி சிவந்து கிடந்தது. பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தில் தனியாக ஒரு சிவப்புச் சதுரம். ராத்திரி ரெண்டு மணிக்கு 'சளப், சளப்' என்று சத்தம். விளக்கைப் போட்டால் நக்குவதை நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல வாலை ஆட்டுவாள்.

அடுத்த 12 நாளில் தெரிந்தவர், தெரியாதவர் சொன்னதில் பாதியைச் செய்து பார்த்தேன். மீதிப் பாதியைச் செய்யாமல் தப்பித்தேன்.

எரிச்சல் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு வேறு. மெஷின் பிளேடு சூடாகி உரசியதால் வரும் சிவப்பு ஒன்றிரண்டு நாளில் தலைகாட்டும். நக்காமல் விட்டால் தானே அடங்கும். பசை ஒத்துக்கொள்ளாமல் வருவது பிளாஸ்திரியின் வடிவத்திலேயே இருக்கும். தையல் நூல் நுழைந்த இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிவந்தால் அதை டாக்டர்தான் பார்க்கவேண்டும். மூன்றையும் கெடுப்பது நாக்கு. நாய் எச்சிலே மருந்து என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அந்த எச்சிலில் கிருமியும் உண்டு, நாக்கில் சொரசொரப்பும் உண்டு. நக்கி நக்கிச் சலித்து, நூலைப் பல்லால் இழுத்துவிட்டால் மறுபடி ஆபரேஷன் மேஜைதான். ஆகவே தடவுகிற மருந்தை யோசிப்பதற்கு முன்னால் நாக்கைத் தடுக்கிற வழியை யோசிக்கணும்.

நாய் நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, பிளாஸ்டிக் கோன், 350 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் வாங்கியது குட்டை. பொம்மி உடம்பை வளையல் மாதிரி சுருட்டி, விளிம்புக்கு வெளியே நாக்கை நீட்டி, வேலையை முடித்துக்கொண்டாள். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ரெண்டு விரலாவது நீளவேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சரியான அளவு கோன் போட்டபின் நக்க முடியவில்லை, உண்மை. ஆனால் கதவில் இடிக்கிறாள், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள், வேலூர் வெயிலில் அந்தக் கூம்புக்குள் மூச்சிரைக்கிறாள். கழுத்தில் விளிம்பு உரசி அங்கேயும் ஒரு சிவப்பு. உள்பக்கம் பருத்தித் துணியைச் சுற்றித் தைத்ததும் அது நின்றது. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கழற்றிவிட்டேன்.

மற்றது லுங்கி. வீட்டுக்காரருடைய குடியாத்தம் லுங்கி, பல வருஷம் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆனது. கழுத்திலிருந்து வால் அடி வரைக்கும் ஒரு துண்டு வெட்டி, கால்களுக்கு நாலு ஓட்டை போட்டு, முதுகின் மேல் நாடாவால் முடிச்சு. பின்பக்கம் மூத்திரம் போக வளைவாக வெட்டிவிடவேண்டும். நான் முதல் துண்டில் அதை மறந்துவிட்டேன், அரைமணி நேரத்தில் நனைத்துவிட்டாள். காற்று போகும், படுத்தால் தூங்குகிறாள். மாம்பழக் காலத்து ஈக்கும் அது திரை. இந்த விஷயத்தில் லுங்கியைக் கோன் நெருங்கக்கூட முடியாது: ஈரமான புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். லுங்கியின் குறை, துணியோடு சேர்த்து நக்குவாள். நனைந்த துணி தையல்மேல் ஒட்டிக்கிடப்பதும் கெடுதல். மூணு துண்டு தைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். பழைய டி-ஷர்ட் இதே வேலையைச் செய்யும், ஆனால் புழுக்கத்தில் அப்பிக்கொள்ளும். ஆன்லைனில் வரும் ரெடிமேட் உடையும் இறுக்கம். ஏசி வீட்டுக்குச் சரி.

என் முடிவு: கண் முன்னால் இருக்கும்போது லுங்கி, நாம் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் கோன். ஒன்றுதான் முடியும் என்றால் கோன்.

அடுத்தது தடவுவது. இங்கேதான் வீட்டில் சண்டை.

"இன்னாம்மா யோசிக்கிற, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு அப்பு. ரெண்டு நாள்ல வாடிடும். எங்க வீட்ல மாட்டுக்கே அதான்" என்றார் அத்தை.

"மாடு வயித்த நக்காதுங்க அத்தை" என்றேன். கேட்கவில்லை. நான் கடைக்குப் போன நேரத்தில் அப்பிவிட்டார். காய்ந்ததும் தோல் இழுத்துக்கொண்டு அரிப்பு கூடியது. அதைவிடப் பெரிய சிக்கல், ஐந்தாம் நாள் காட்டப் போனபோது வந்தது. கம்பவுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இது சீழா மஞ்சளா, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். மஞ்சள் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கே நான் போகவில்லை. தையல் தினமும் கண்ணில் படவேண்டிய இடம், அங்கே சாயம் பூசினால் சிவப்பும் தெரியாது, சீழும் தெரியாது. அத்தையும் அதற்கு மேல் பேசவில்லை.

தேங்காய் எண்ணெய் பத்து நிமிஷம்கூடத் தங்கவில்லை. அவளுக்கு அது தின்பண்டம். தடவாத நாளைவிட அதிகமாக நக்கினாள். எண்ணெயில் தூசியும் ஒட்டும், தையலும் காயாது. வேப்பெண்ணெய் கசப்பால் நாக்கைத் தடுக்கும் என்றார்கள். மழித்த தோலில் அது எரியும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஜெயித்தது மண்பானைத் தண்ணீர். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, சிவந்த இடத்தில் மட்டும் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை. தையலில் படக்கூடாது. எடுத்ததும் ஒற்றித் துடைத்து ஃபேன் காற்று. துணி பட்டதும் விறைத்திருந்த பின்னங்கால் மெல்லத் தளர்ந்து பக்கவாட்டில் சரியும், கண் பாதி மூடும். ஐஸை நேராக வைக்காதீர்கள்.

சுத்தம் செய்ய உப்புத் தண்ணீர்: கொதித்து ஆறிய அரை லிட்டருக்குத் தூள் உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலில் பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைக் கொட்டுவார்கள் என்று நம்மூரில் கை தாராளம். அது உரித்த தோலுக்கு. போவிடோன் அயோடின் என்றால் வெளிர் டீ நிறத்துக்கு நீர்க்கவைத்து, டாக்டர் சொன்னால் மட்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் சதையையே கெடுக்கும். தையல் காய்ந்து சுத்தமாக இருந்தால் எதையும் தொடவே வேண்டாம், குளியலும் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் அலமாரி பற்றிச் சுருக்கமாக. காலமைனில் துத்தநாகம் இருக்கிறது, நக்கி வயிற்றுக்குப் போனால் விஷம். ஸ்டீராய்டு கிரீம் அரிப்பை அடக்கும், கூடவே புண் ஆறுவதையும் தாமதமாக்கும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு ஆபத்து, அரை மாத்திரை என்று பேரம் பேசாதீர்கள். அரிப்புக்கு மாத்திரை வேண்டுமென்றால் எடை பார்த்து டாக்டர் எழுதட்டும். தையல் வாய் திறந்தாலோ, நாற்றமோ சீழோ வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், முதலில் ஆட்டோ.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். நூல் போன துளைகள் மூட இன்னும் மூணு ராத்திரி கோன் போட்டேன். பிறகு முள்முள்ளாக முடி முளைத்தபோது மறுபடி கொஞ்சம் அரித்தது. அதற்கு ஒன்றும் தடவவில்லை. பானை பக்கத்துச் சிமெண்ட் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.