பிங்க் நாய்ஸா, ஸ்வீப்பா? பத்துக்குப் பத்து அறை ஸ்டுடியோவுக்கு எது

கும்பகோணம், திருவையாறு பக்கம் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்தால் கிடைக்கிற அறை இதுதான்: பத்தடிக்குப் பத்தடி, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். அங்கே மிக்ஸ் செய்யும்போது கேட்கிற மானிட்டர் ஸ்பீக்கரைச் சரிசெய்ய பிங்க் நாய்ஸும் (அருவி மாதிரி இரையும் சோதனை ஒலி) டெசிபல் மீட்டரும் ஒரு வழி, அளவீட்டு மைக்கும் ஸ்வீப்பும் (தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சு வரை ஏறும் சோதனை ஒலி) இன்னொரு வழி. இன்னொரு சோதனை இரைச்சலான ஒயிட் நாய்ஸை முதலிலேயே தள்ளிவிடுங்கள். அதில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் சம ஆற்றல் என்பதால் மேல் ஆக்டேவ்களில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஓர் ஆக்டேவ்) போய்க் குவியும். காதுக்கும் ட்வீட்டருக்கும் தொல்லை. பிங்க் நாய்ஸ் ஆக்டேவுக்கு 3 டெசிபல் (டிபி) குறைந்துகொண்டே போவதால் எல்லா ஆக்டேவிலும் ஒரே ஆற்றல் இருக்கும்.

இடமும் வலமும் ஒரே அளவில் கேட்கிறதா என்பதற்கு பிங்க் நாய்ஸ் போதும். -20 டிபிஎஃப்எஸ் அளவில் (டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டிபி கீழே), 500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய நாய்ஸாக எடுங்கள். அப்போது அறையின் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மீட்டரை ஏமாற்றாது. ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்தில், மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோ என்ற அமைப்புகளில் வைத்து அளக்க வேண்டும். சினிமா மிக்ஸிங் கூடத்தின் 85 டிபியை இந்தச் சின்ன அறைக்குக் கொண்டுவராதீர்கள். 74, 75 போதும், நாள் முழுக்க வேலை பார்க்கலாம். போன் ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சரியாகவே வரும். ஃபேனும் பம்ப்செட்டும் ஐப்பசி மழைத் தவளையும் சேர்ந்து நாய்ஸைவிட 10 டிபி கீழே இருந்தால் அளவு அரை டிபிகூட மாறாது.

ஆனால் மீட்டர் தருவது ஒரே ஒரு எண். நம் அறையின் உண்மையான சிக்கல் பேஸில் இருக்கிறது. சுவருக்குச் சுவர் பத்தடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அதே இடத்தில் இரட்டிப்பாகத் தேங்கும். சுவரோரம் கும்மென்று இருக்கும், நடு அறையில் காணாமல் போகும். தவிலின் கனமான தொப்பிப் பக்கத்தை மிக்ஸ் செய்பவருக்கு இது பெரிய விஷயம்: நாற்காலியை ஓரடி முன்னே இழுத்தாலே தவிலின் கனம் மாறிவிடுகிறது.

இதைக் காட்டுவது ஸ்வீப்தான். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றை ஒலியை, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளில் பதிவு செய்தால், எந்த அலைவரிசை எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று இரண்டும் வரும். செலவு, காலிபரேஷன் ஃபைலோடு (அந்த மைக்கின் பிழையைத் திருத்தும் கோப்பு) வரும் அளவீட்டு மைக்குக்கு. பாடும் மைக்கை வைத்து எடுத்தால், அந்த மைக்கின் குணமும் வரைபடத்தில் கலந்துவிடும். மைக்கில் காற்று படாமல் ஃபேனை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பார்த்ததும் ஈக்யூவில் (ஒவ்வொரு அலைவரிசையையும் ஏற்றி இறக்கும் கருவி) கை வைக்கத் தோன்றும். மேடுகளைக் கொஞ்சம் குறைக்கலாம். பள்ளத்தை ஏற்றினால் ஸ்பீக்கர்தான் திணறும், பள்ளம் அப்படியே இருக்கும். இரண்டு அங்குல ஃபோமும் 56 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. நாற்காலியை நகர்த்துவதுதான் முதல் வைத்தியம், அதற்குக் காசும் வேண்டாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இந்த மாதிரி அறைக்கு மீட்டரை விட்டுவிட்டு மைக்கை வாங்கச் சொல்வேன். லெவலுக்குப் போன் சமாளித்துக்கொள்ளும். முதலில் ஸ்வீப் பார்த்து நாற்காலிக்கு இடம் பிடியுங்கள், அப்புறம் அங்கே பிங்க் நாய்ஸில் இரண்டு பக்கத்தையும் சமன் செய்து, வால்யூம் குமிழில் கோடு போட்டுவிடுங்கள்.