நிஃப்டி ஐடி இடிஎஃப்: இறங்கிய விலையில் இன்னும் வாங்கலாமா?

ஐடி பங்குகள் இறங்கும்போதெல்லாம் பலர் தேடிப் போகும் சரக்கு இது: பத்து ஐடி நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி ஐடி குறியீட்டை அப்படியே பின்பற்றி, பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்ட். டிசிஎஸ்ஸா, இன்ஃபோசிஸா, விப்ரோவா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பத்து நிறுவனங்களையும் ஒரே யூனிட்டில் வாங்கிவிடலாம். நிப்பான் இந்தியா நிறுவனத்தின் ஐடிபீஸ் (ITBEES) என்ற இடிஎஃப் பலருக்கும் பழக்கமானது. குறியீட்டு எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் அதன் யூனிட் விலை தோராயமாகத் தெரிந்துவிடும். எஸ்பிஐ, ஐசிஐசிஐ புருடென்ஷியல் நிறுவனங்களிடமும் இதே வகை உண்டு.

பத்து நிறுவனம் என்றதும் ரிஸ்க் பரவிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்ஃபோசிஸும் டிசிஎஸ்ஸும் மட்டுமே கிட்டத்தட்ட பாதி எடை. பத்துக்கும் மிகப்பெரிய சந்தை அமெரிக்காதான். அங்கே வங்கிகள் செலவைச் சுருக்கினால் பத்தும் சேர்ந்தே இறங்கும். 2024 டிசம்பரில் 46,000 புள்ளியைத் தொட்ட குறியீடு, டிரம்ப்பின் வரி அறிவிப்பு வந்த 2025 ஏப்ரலுக்குள் ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை செய்யத் தரப்படும் எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று இன்னொரு அடி.

ஏற்கெனவே வைத்திருப்பவர் பதறி விற்கத் தேவையில்லை. இந்த நிறுவனங்கள் கடனில் தத்தளிப்பவை அல்ல. 2024-25-இல் டிசிஎஸ்ஸின் செயல்பாட்டு லாப விகிதம் 24 சதவீதத்துக்கு மேல். பிரச்சினை வளர்ச்சியில்தான். அதே ஆண்டு டிசிஎஸ் வருவாய் ரூபாய்க் கணக்கில் 6 சதவீதம் கூடியது. நாணய மதிப்பு மாற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 4.2 சதவீதம்தான். காலாண்டு முடிவில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண். ரூபாய் சரிவு தரும் வளர்ச்சியை நம்பி யூனிட் சேர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆள் எண்ணிக்கைக்குப் பில் போடும் தொழில்முறை எவ்வளவு சுருங்கும் என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. அதனால் ‘முன்பு இறங்கி ஏறியது, இப்போதும் ஏறும்’ என்ற கணக்கு இங்கே பத்தாது.

இன்னும் வாங்குவதாக இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். 45 ரூபாயில் 100 யூனிட் இருக்கிறது, விலை இப்போது 36 என்று வைப்போம். இன்னும் 100 வாங்கினால் சராசரி 40.50, அசல் திரும்ப 12.5 சதவீத ஏற்றம் போதும். 20 மட்டும் வாங்கினால் சராசரி 43.50, கிட்டத்தட்ட 21 சதவீதம் ஏற வேண்டும். இப்படி இறங்கிய விலையில் மேலும் வாங்கிச் சராசரியைக் குறைப்பதுதான் ஆவரேஜ். சிறிய ஆவரேஜ் மனசுக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். பெரிய ஆவரேஜோ ஒரே துறையில் பணத்தைக் குவித்துவிடும். நிஃப்டி 50 ஃபண்ட் வைத்திருந்தால் அதிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஐடி. அதையும் சேர்த்து மொத்தப் பங்கு முதலீட்டில் 15 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வதே சரி. தாண்டாவிட்டால், ஒதுக்கிய தொகையை நான்காகப் பிரித்து, நான்கு காலாண்டு முடிவுகளுக்குப் பிறகு போடலாம்.

கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டவே வேண்டாம். சந்தை திறந்த முதல் பத்து நிமிடத்தில் யூனிட் விலை, உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பிலிருந்து விலகி நிற்கும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐநாவ் (iNAV, உள்ளே இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு) பார்த்து, அதை ஒட்டி லிமிட் ஆர்டர், அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்ற ஆர்டர், போடுங்கள். டிவிடெண்ட் கைக்கு வராமல் ஃபண்டுக்குள்ளேயே மறுமுதலீடு ஆவது, 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு நேரடிப் பங்கைவிட லாபம்.

ஆவரேஜ் செய்தவர் விற்கும்போது ஒரு சிக்கல் உண்டு. டீமேட் கணக்கில் முதலில் வந்த யூனிட்தான் முதலில் வெளியேறும். மேலே சொன்ன 200 யூனிட்டில் 100-ஐ 42 ரூபாய்க்கு விற்றால், சராசரி 40.50 என்பதால் லாபம் போலத் தெரியும். வரிக் கணக்கில் அது 300 ரூபாய் நஷ்டம். ஓராண்டு தாண்டியிருந்தால் அந்த நஷ்டத்தை நீண்டகால மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்.