எஸ்டிமேட்டில் ‘ஐ5, 4 ஜிபி கார்டு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பணம் கொடுக்காதீர்கள்

வடசென்னையில் குறைந்த விலையில் கேமிங் பிசி வாங்க நினைக்கும் யாராக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 43,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை.

அக்கா பையன் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா வீட்டிலேயே துணி தைப்பவர். சீட்டு எடுத்த பணத்தை என் கையில் கொடுத்து, “எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே கூடப் போய் வாங்கிக் குடு” என்றார்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவது கஷ்டமே இல்லை. மெட்ரோவில் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனதற்கு ஒரே காரணம், “ரிப்பேர்னா வீட்டுக்கே வந்து பார்ப்பேன் சார்” என்று கடைக்காரர் சொன்னதுதான்.

அவர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஐ5 புராசசர், 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 512 ஜிபி எஸ்.எஸ்.டி., கேம் படத்தைத் திரையில் காட்ட 1050 டிஐ 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்க 500 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கலர் விளக்கு போட்ட ஆர்.ஜி.பி. கேபினெட், 24 இன்ச் மானிட்டர். அவ்வளவுதான். கம்பெனிப் பெயரோ முழு மாடல் எண்ணோ எங்கும் இல்லை. பையன் அப்போதே, “ஐ5ல எந்த ஜெனரேஷன் அண்ணா?” என்று கேட்டான். “கேமிங் ஐ5 தம்பி, எல்லா கேமும் ஓடும்” என்றார் அவர். பையன் மறுபடியும் வாயைத் திறந்தபோது, பேசாமல் இருடா என்று அடக்கியது நான். அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

ஐ5 என்ற பெயரில் இன்டெல் 2009லிருந்து புராசசர் விற்கிறது. அடுத்து வரும் எண்தான் எல்லாவற்றையும் சொல்லும். 12400 என்றால் 12ஆம் தலைமுறை. எங்களுக்கு வைத்திருந்தது 3470. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை, நான்கு கோர், நான்கு த்ரெட். அது உட்கார்ந்திருந்த மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகை, ஹெச்61 சிப்செட் கொண்டது. அதில் போட முடிவது பழைய வகை டிடிஆர்3 ரேம்தான். எஸ்.எஸ்.டி.யும் அதில் பாதி வேகத்துக்கு மேல் போகாது, ஏனென்றால் எஸ்.எஸ்.டி.யை மாட்டும் அந்த சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகள் எல்லாமே பழைய 3 ஜிகாபிட் வகை. பழைய சாமான் விற்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்க வேண்டும்.

கடையில் ஆன் செய்து காட்டினார்கள். விளக்குகள் எரிந்தன. விண்டோஸ் 11 வந்தது. உள்ளே இருக்கும் பாகங்களை விண்டோஸ் காட்டும் டிவைஸ் மேனேஜரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றே இருந்தது. நாங்கள் திருப்தியாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவே வேலரன்ட் கேம் போட்டான். ‘வேன் 9001’ என்று எரர் வந்து நின்றுவிட்டது. விண்டோஸ் 11இல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். இந்த போர்டில் டிபிஎம் 2.0 கிடையாது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பொதுவாக 8ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான். அதை ஏதோ குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, வேறு கேம் ஆடட்டும் என்றால் ஜிடிஏ 5 லோட் ஆகும்போதே திரை கறுத்துப்போனது. கார்டு கம்பெனியான என்விடியாவின் புது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போட்டால் ஏறவில்லை. மூன்றாம் நாள் விளையாடிக்கொண்டிருக்கும்போது மொத்தமாக அணைந்து, கேபினெட்டின் பின்பக்கத்திலிருந்து கருகிய வாடை வந்தது.

அப்புறம் பையனே உட்கார்ந்து கண்டுபிடித்தான். ஜிபியு-இசட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் வைத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்யாமலே திறக்கலாம். அதைத் திறந்ததும் கார்டின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டியது. பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, புதுக் கார்டின் பெயரைச் சொல்ல வைக்கிறார்கள். விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பிக் காட்டுகிறது. உள்ளே இருந்தது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சில்லு. உண்மையான 1050 டிஐயில் 768 கோர்கள் இருக்க வேண்டும், இதில் 192. நினைவகமும் 4 ஜிபி இல்லை, 1 ஜிபிதான். அதைத் தாண்டி கேம் கேட்கும்போதுதான் திரை கறுத்திருக்கிறது. புது டிரைவர் ஏறாததற்கும் அந்தப் பழைய சில்லுதான் காரணம். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது டிரைவர் கொடுப்பதை என்விடியா 2018லேயே நிறுத்திவிட்டது.

மென்பொருள் எதுவும் இல்லாமல் கண்ணாலேயே பிடித்திருக்கலாம். கார்டின் பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தது. 1050 டிஐ சில்லில் விஜிஏ வெளியீடே கிடையாது. இன்னொன்று, 1050 டிஐக்கு 75 வாட் போதும். பெரும்பாலான கார்டுகள் அதை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எங்கள் கார்டுக்கோ தனியாக ஆறு பின் ஒயர், அதுவும் மோலெக்ஸ் என்ற பழைய வகை இணைப்பிலிருந்து ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கோ அதுதான் பெரிய பயம், ஏனென்றால் வீட்டில் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. அட்டையில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வாட்தான். புராசசரும் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 3470க்கு 77 வாட், 550 டிஐக்கு 116 வாட், இரண்டும் சேர்ந்தாலே 193. மிச்சம் வெறும் 23 வாட். அந்த 18 ஆம்பியராவது உண்மையா என்பதும் சந்தேகம்தான். கடையில் கையில் தூக்கிப் பார்த்தபோதே காலி டப்பா மாதிரி இருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “பில் எங்க சார்?” என்னிடம் இருந்தது எஸ்டிமேட் மட்டும். பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், 7,740 ரூபாய் எதற்கு வீணாக என்று அவரே சொல்லித்தான் பில் இல்லாமல் வாங்கினோம். அட்வான்ஸ் 20,000 ஜிபேயில் போனது, அதுவும் கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. மீதி ரொக்கம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கடையின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் யார் பெயரில் இருக்கிறது என்று உடனே தெரியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். எனவே பில் இல்லை என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். ஜிபே ரசீது, எஸ்டிமேட், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் கொடுத்தேன். அதன் பிறகுதான் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். கார்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கொடுத்தால் 11,000 தருவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, கார்டின் சீரியல் எண்ணோடு பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிய பிறகே கொடுத்தோம். புராசசர், போர்டு பற்றிக் கேட்டால், “ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்கிறார்.

அந்தப் பணத்தோடு நான் கொஞ்சம் போட்டு, இந்த முறை ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கேயும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, இரண்டு கடையில் முழு மாடல் எழுதித் தர மறுத்தார்கள். மூன்றாவது கடையில் பேச்சு முழுவதும் பையனுடையது. தனிக் கார்டே இப்போது வேண்டாம் என்று அவன்தான் முடிவெடுத்தான். ரைசன் 5 5600ஜி புராசசர், ஆறு கோர், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அது ரேமைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் வேகம் கூடும் என்று இரண்டு எட்டாக வாங்கினான். எஸ்.எம்.பி.எஸ். 450 வாட், 80 பிளஸ் வெண்கலத் (Bronze) தரச்சான்று, லேபிளில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர். எஸ்.எஸ்.டி., மானிட்டர், கேபினெட் மூன்றும் பழைய செட்டிலிருந்தே. வேலரன்ட் ஓடுகிறது. கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் மாமா என்கிறான்.

மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. அக்கா அந்தச் சீட்டுக்கு இன்னும் ஏழு மாதம் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.