எட்டுக்கு நாலு ஷீட்டை எதில் அறுப்பது? கட்டர், டிராக் சா, பேனல் சா

பதினெட்டு மிமீ பிளைவுட் ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ இருக்கும். ரெண்டு பேர் பிடித்து, கட்டரைத் தலைகீழாக மாட்டிய மேசைமேல் அதைத் தள்ளி அறுப்பதைத்தான் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டு வேலைகளில் இன்னும் அதிகம் பார்க்கலாம். மைக்கா ஒட்டி முடித்த பிறகு வீட்டுக்காரர் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “ஏனுங்க ஆசாரி, இங்க சில்லு சில்லா போயிருக்குதுங்களே?” என்று கேட்கும்போதுதான் ஷீட் மேல் வைத்த அலுமினிய ரயிலில் ஓடும் வட்ட ரம்பமான டிராக் சா வாங்கலாமா என்ற பேச்சே எழுகிறது. உடனே கேட்கப்படுவது மிஷின் விலை. கேட்க வேண்டியது அது அல்ல. ரயில், பிளேடு, தூசி உறிஞ்சி மூன்றும் சேர்ந்த விலைதான் உண்மையான விலை.

முதலில் கையில் இருக்கும் கட்டரைப் பார்ப்போம். மார்பிள் அறுக்கச் செய்த 110 மிமீ மிஷின் அது. நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். 12,000 என்று வைத்தால் பல்லின் நுனி நொடிக்கு 69 மீட்டர் வேகத்தில் போகும். 160 மிமீ பிளேடு போட்ட டிராக் சா முழு வேகமான 5,800 சுற்றில் ஓடினாலும் 49 மீட்டர்தான். வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தள்ளும் வேகம் அதற்கு ஈடு கொடுக்காது. ஒவ்வொரு பல்லும் மரத்தைச் செதுக்காமல் உரசிக்கொண்டு போகும், ஓரம் கருகும், பிளேடு சூடாகி நெளியும். மெல்லிய தட்டுள்ள மலிவு பிளேடு என்றால் அந்த நெளிவு வெட்டில் அலையாகத் தெரியும். அந்த அலை மேல் ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையை ஒட்டினால் பசைக் கோடு பல்லிளிக்கும்.

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்பில். மேசையில் கவிழ்த்து மாட்டிய கட்டருக்குப் வெட்டு மூடிக்கொள்ளாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தி கிடையாது. மேல் மூடியும் கழற்றியாகிவிட்டது. சுவிட்சை டேப் ஒட்டி ஆன் நிலையிலேயே வைத்திருப்பார்கள். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் ஷீட் தள்ளுகிறவர் வயிற்றுக்குத் திரும்பி வரும். தூள் மோட்டாருக்குள்ளேயே விழுவதால் கார்பன் பிரஷும் சீக்கிரம் தேயும். இவ்வளவு இருந்தும் கட்டரைத் தூக்கி எறியச் சொல்ல முடியாது. ஒரு பீடிங்கை ஓரம் தட்டவும், சுவரோரம் முளைத்திருக்கும் ஒட்டுப் பலகையை நறுக்கவும் அதற்கு நிகர் இல்லை. ஷீட் அறுப்பதிலிருந்து மட்டும் அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

இனி டிராக் சா. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று மிஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெஸ்டூல் டிஎஸ் 55 எஃப்: 1200 வாட், 160 மிமீ பிளேடு, 55 மிமீ ஆழம், வெட்டுத் தடிமன் (பிளேடு தின்னும் அகலம்) 1.8 மிமீ. மகிட்டா எஸ்பி 6000: 1300 வாட், 165 மிமீ பிளேடு, 56 மிமீ ஆழம். போஷ் ஜிகேடி 55: 1400 வாட், 165 மிமீ பிளேடு, 57 மிமீ ஆழம். காகிதத்தில் மூன்றும் அண்ணன் தம்பிதான். 18 மிமீ ஷீட்டுக்கு எதுவும் திணறாது. விலையில் மட்டும் பெஸ்டூல் மகிட்டாவுக்குப் பல சமயம் இரண்டு மடங்கை நெருங்கும்.

அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது? பெஸ்டூலில் ஸ்பிரிங் வைத்த பிளவுக் கத்தி உண்டு, மகிட்டா எஸ்பி 6000-இல் இல்லை. பச்சை மரம், உள்ளே இறுக்கம் உள்ள தேக்குப் பலகை ஆகியவற்றை நீளவாக்கில் கிழிப்பவருக்கு இது சின்ன விஷயமே அல்ல. பிளைவுட் மட்டும் அறுப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தூசி வாங்கும் வழி பெஸ்டூலில் ஒழுங்காக மூடியிருக்கும். வெட்டி எடுக்கும் துண்டுப் பக்கமும் பிசிறு வராமல் அழுத்திப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் காப்பு கொடுக்கிறார்கள். மகிட்டாவிலோ வேறு உபாயம் இருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன நிறுத்தியைத் தட்டினால் ஆழம் இரண்டு மூன்று மிமீயில் நின்றுவிடும். அதில் ஒரு முறை மேலோட்டமாகக் கீறிவிட்டு, நிறுத்தியை விடுவித்து முழு ஆழத்தில் அறுத்தால் வெனீர்கூடச் சில்லு போகாது. 45 டிகிரி சாய்த்து அறுக்கும்போது மிஷின் ரயிலிலிருந்து கவிழாமல் பிடிக்கும் நாக்கும் மகிட்டாவில் உண்டு. மகிட்டா ரயிலில்தான் அது கவ்வும்.

ரயில் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிஷின் வாங்குவது பொருள் வாங்குவது மாதிரி, ரயில் வாங்குவது சம்பந்தம் பண்ணுவது மாதிரி. மகிட்டாவும் பெஸ்டூலும் ஒரே வரிசை. ஒன்றின் மிஷின் மற்றதன் ரயிலில் ஓடும். போஷ்காரர்கள் மாஃபெல் என்ற இன்னொரு கம்பெனியோடு சம்பந்தி. அவர்களின் ரயில் வடிவமே வேறு. டிவால்ட் தனிக்குடித்தனம். இன்று எதில் நுழைகிறீர்களோ, பத்து வருடம் கழித்து வாங்கப் போகும் இரண்டாவது மிஷினும் அந்தக் குடும்பத்துக்குள்தான் இருக்கும். பின்னால் பெஸ்டூல் வாங்கும் ஆசை இருந்தால் இன்று மகிட்டாவில் தொடங்குவது நஷ்டம் இல்லாத வழி.

நீளத்தில் எல்லாரும் தவறுகிறார்கள். ஷீட் 2440 மிமீ. பிளேடு ஷீட்டுக்கு வெளியே இறங்கி, வெளியே போய் நிற்க வேண்டும். ஆகக் குறைந்தது 2700 மிமீ ரயில் வேண்டும். மூன்று மீட்டர் ஒற்றை ரயில் பட்டறைக்குத்தான் சரி. ஆம்னி வேனில் போட்டுப் பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் கொண்டுபோனால் ஒரு முறை வளைந்துவிடும், பிறகு கதை முடிந்தது. இரண்டு 1400 வாங்கி இணைத்தால் 2800. குறுக்கே 1220 அறுக்க ஒன்றே போதும். போஷில் என்றால் 1100-ம் 1600-ம்.

இணைக்கும்போது நேர்க்கோடு தப்பும். இரண்டு ரயிலின் நுனியையும் ஒட்ட வைக்காமல் ஒன்றிரண்டு மிமீ இடைவெளி விட்டு, பின்னோரத்தில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டு திருகை முடுக்குங்கள். சரியா என்று பார்க்க எளிய வழி: எட்டடி நீளத்துக்கு இரண்டு பலகையில் தலா ஒரு வெட்டுப் போடுங்கள். இரண்டு வெட்டிலும் ரயிலுக்கு அடியில் இருந்த துண்டுகளை எடுத்து, வெட்டிய ஓரத்தை ஓரத்தோடு சேருங்கள். நடுவிலோ நுனிகளிலோ ஒரு மிமீ வெளிச்சம் தெரிந்தால் ரயிலில் அரை மிமீ கோணல்.

ரயில் ஓரத்து ரப்பர் பட்டைதான் இந்த மிஷினின் உயிர். முதல் வெட்டில் பிளேடே அதைத் தன் அளவுக்கு வெட்டிக்கொள்ளும். அதன் பிறகு பட்டையின் ஓரமே வெட்டுக் கோடு. பென்சில் கோட்டில் பட்டையை வைத்தால் போதும், கணக்கே வேண்டாம். இதே ரயிலில் நண்பரின் மிஷினை ஒரு நாள் ஓட்டினால், அல்லது 1.8 மிமீ பிளேடு இருந்த இடத்தில் 2.2 மிமீ போட்டால், பட்டை வேறு அளவுக்கு வெட்டுப்பட்டுவிடும். பழைய பிளேடைத் திரும்ப மாட்டினால் பட்டைக்கும் பிளேடுக்கும் இடையே சந்து, அந்தச் சந்தில்தான் பிசிறு வரும். ஒரு ரயிலுக்கு ஒரு மிஷின் என்பது கருமித்தனம் அல்ல. கரூர் வெயிலில் லாரி மேல் ரயிலைக் கிடத்தினால் பட்டையின் பசை இளகி நழுவும். அடியில் இருக்கும் கறுப்பு வழுக்காப் பட்டையில் தூள் ஏறினால் ரயில் நகரும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் மறுபடி பிடிக்கும். மைக்கா மேல் வைக்கும்போது எதையும் நம்பாமல் இரண்டு கிளாம்ப் போட்டுவிடுங்கள். ரயிலின் அடி வாய்க்காலில் நுழையும் மெல்லிய எஃப் கிளாம்ப்தான் வேண்டும்.

எந்தப் பக்கம் மேலே? டிராக் சாவில் பல் கீழிருந்து மேலே வருகிறது. ஆகவே பிசிறு மேல் முகத்தில், அதுவும் பட்டை மூடாத துண்டுப் பக்கத்தில் வரும். நல்ல முகம் மேலே இருக்கலாம், நமக்கு வேண்டிய துண்டு ரயிலுக்கு அடியில் இருக்க வேண்டும். மேசைக் கட்டரில் இது தலைகீழ். பிசிறு அடி முகத்தில் வரும். பழக்கதோஷத்தில் மாற்றிப்போட்டு ஒரு மைக்கா ஷீட்டைக் கெடுத்த பிறகுதான் பலருக்கு இது நினைவில் நிற்கும். தரையில் இரண்டு அங்குலத் தெர்மகோல் விரித்து, அதன்மேல் ஷீட்டைப் போட்டு, பல் மூன்று மிமீ மட்டும் வெளியே வரும்படி ஆழம் வையுங்கள். முழு ஷீட்டும் தாங்கப்படுவதால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாது.

இன்னொரு கணக்குப் பிழை மிஷினில் இல்லை, வரைபடத்திலேயே இருக்கிறது. அலமாரி ஆழம் இரண்டடி என்று 610 மிமீ போடுவார்கள். 1220-இல் இரண்டு 610 எடுக்க முடியாது, பிளேடு தின்னும் 2 மிமீக்கு இடமே இல்லை. 600 என்று போட்டால் 20 மிமீ மீதி. அடிபட்ட ஆலை ஓரத்தை இரு பக்கமும் சீவி எடுக்கவும் போதும். ஷீட் மூலை மட்டமா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். 2440-க்கு 1220 என்றால் 2728 மிமீ வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஆலை ஓரத்தை நம்பி மூலைமட்டம் வைக்காதீர்கள்.

பிளேடில் மிச்சம் பிடிப்பதுதான் மிகக் கெட்ட மிச்சம். பிளைவுட், மைக்காவுக்கு 48 பல். தேக்கு, வேம்பை நீளவாக்கில் கிழிக்க 12 முதல் 14 பல். 48 பல்லில் கிழித்தால் தூள் வெளியேற இடமில்லாமல் எரியும், மோட்டார் முனகும். தேக்கில் சிலிக்கா உண்டு, தென்னை மரமும் பல்லைத் தின்னும். வெட்டு கருகத் தொடங்கியதும் உடனே சாணைக்கு ஓட வேண்டாம். வாஷிங் சோடா கரைத்த நீரில் அரை மணி நேரம் பிளேடை ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பாதிச் சமயம் மழுங்கியது பல் அல்ல, ஒட்டிய பிசின். வேறு கம்பெனிப் பிளேடு மாட்டுவதானால் துளை 20 மிமீயா, பிளவுக் கத்தியின் தடிமனைவிட வெட்டுத் தடிமன் கூடுதலா, தட்டின் தடிமன் குறைவா என்று மூன்றையும் பாருங்கள்.

அடுத்தது தூசி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் ஐஏஆர்சி (சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை) வைத்திருக்கிறது. மூடிய அறையில் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அறுப்பவருக்கு உறிஞ்சி ஆடம்பரம் அல்ல. பெஸ்டூல் உறிஞ்சியில் மிஷினை ஆன் செய்ததும் அதுவும் தானே ஓடும், நிறுத்திய பின்னும் சில நொடி ஓடிக் குழாயைக் காலி செய்யும். சுகமான வசதி. ஆனால் சாதாரண 30 லிட்டர் ஈர உலர் வாக்குவமும், இடையில் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சைக்ளோன் டிரம்மும் வைத்தால் பெரும்பகுதித் தூள் டிரம்மிலேயே விழுந்துவிடும், வடிகட்டி அடைக்காது. பையும் மிச்சம். மிஷினின் வாய்க்கும் குழாய்க்கும் அளவு பொருந்தாது, ரப்பர் அடாப்டர் ஒன்று தேடி வாங்க வேண்டியிருக்கும். ரம்பத்துக்கு 36 மிமீ குழாய், 27 மிமீ சாண்டருக்குப் போதும்.

மிஷினும் உறிஞ்சியும் சேர்ந்து 11 ஆம்பியர் இழுக்கும். 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு சதுர மிமீ ஒயர் போட்டால் வழியிலேயே 20 வோல்ட் காணாமல் போகும். 2.5 சதுர மிமீ என்றால் 8 வோல்ட். ஊர்க்கோடியில் ஏற்கெனவே 200 வோல்ட் வரும் இடத்தில் இந்த 12 வோல்ட் வித்தியாசம்தான் மோட்டார் சூடாவதும் சூடாகாததும். பம்ப்செட்டுக்குக் காயில் கட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேலைத்தலத்தில் ஒயர் சுருளைப் பாதி அவிழ்த்து ஓட்டுவது நிற்கவில்லை. சுருண்ட ஒயர் சூடேறி உருகும்.

ஷீட்டை நகரும் மேசையில் வைத்து அறுக்கும் பெரிய பட்டறை மிஷினான பேனல் சா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னால் எதிர்ப்பக்கம் சுற்றும் சின்னக் கீறல் பிளேடு, பின்னால் 300 மிமீ பிரதான பிளேடு, மூன்று பேஸ் மின்சாரம். இரண்டு முகத்திலும் பிசிறில்லாத வெட்டு, அந்தத் தரத்தை டிராக் சா தொட முடியாது. சொந்தமாக வாங்குவது வாரத்தில் பெரும்பாலான நாள் ஓடும் பட்டறைக்குத்தான் கட்டும். இருபது ஷீட் மாடுலர் கிச்சன் என்றால் கோவையில் ஜாப் ஒர்க் செய்பவரிடம் கொடுப்பதே லாபம், எட்ஜ் பேண்டும் அங்கேயே முடிந்துவிடும். கொடுக்கும்போது ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: கட்டிங் லிஸ்டில் உள்ளது முடிந்த அளவா, பேண்ட் கழித்த அளவா? 2 மிமீ பேண்ட் இரு பக்கமும் ஒட்டினால் 4 மிமீ. நீங்களும் கழித்து, அவரும் கழித்தால் கதவு 4 மிமீ குட்டை. அதற்கு மருந்து கிடையாது. வீட்டில் சுவர் கோணலுக்கு ஏற்பச் சீவும் வேலைக்கு அப்போதும் டிராக் சா வேண்டும்.

பணக் கணக்கில் கடைசியாக ஒன்று. பவர் டூலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அடக்கம் ஒரு லட்சம் என்று வைத்தால் பில் 1,18,000. பதிவு உள்ள பட்டறை தன் எண்ணைப் பில்லில் போட்டு வாங்கினால் 18,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பும். பதிவில்லாத ஆசாரிக்கு அது போனதுதான். ஆகவே ஒரே மிஷின் இருவருக்கும் ஒரே விலை அல்ல. வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்கு எங்கள் பரிந்துரை மகிட்டா, இரண்டு 1400 ரயில், இரண்டு பிளேடு, சைக்ளோன் டிரம். பெஸ்டூல் மிஷின் மட்டும் வாங்கும் பணத்தில் இவ்வளவும் பெரும்பாலும் அடங்கிவிடும். திண்ணமான மரத்தில் கட்டில், மேசை செய்பவர் மட்டும் பிளவுக் கத்திக்காகவே பெஸ்டூல் பக்கம் போகலாம்.

அவர்தான் மர ஆப்புக்குக் குழி தோண்டும் பெஸ்டூல் மிஷினான டோமினோவையும் யோசிக்க வேண்டியவர். அதன் டிஎஃப் 500 மாடல் லட்சத்தைத் தாண்டும். 4 மிமீ முதல் 10 மிமீ தடிமன் வரை புளியங்கொட்டை வடிவக் குழியை நொடியில் தோண்டும், நாற்காலிச் சட்டம் அசையாது. பிளைவுட் பெட்டிக்கு அது அதிகப்படி. மெல்லிய மரத் துண்டால் இணைக்கும் பிஸ்கட் ஜாயினரோ, திருகிப் பூட்டும் மினிஃபிக்ஸோ போதும். டோமினோ ஆப்புகள் பீச் மரம். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பிக் குழிக்குள் இறங்காது. சுத்தியலால் அடித்து இறக்கினால் பலகை பிளக்கும். மூடி இறுக்கமான முறுக்கு டப்பாவில் போட்டு வையுங்கள். உப்பியிருந்தால் வெயிலில் காயவைத்த பின் ஒன்றைப் பசையில்லாமல் நுழைத்துப் பார்த்துவிட்டுப் பசையைத் தொடுங்கள்.